கடைசி இருபது மைல்

ஒரு குடும்பத்தார் விடுமுறையைக் கழிக்க எங்கே போகிறார்கள், எந்த விமான நிலையத்தில் இறங்குகிறார்கள், அங்கிருந்து எந்த வண்டியில் ஏறுகிறார்கள் என்பவையெல்லாம் அவரவர் சொந்த விஷயம். இதைப் பற்றித் தலையங்கம் எழுதுவானேன் என்று நேயர்களில் சிலர் கேட்கக் கூடும். கேள்வி நியாயமானதே. ஆயினும், அமெரிக்காவில் புளோரிடா ராஜ்யத்திலே ஆர்லாண்டோ நகரை அடுத்துள்ள வால்ட் டிஸ்னி உல்லாசப் பூங்காவிற்குப் போய் வருகிறவர்கள் படும் பாட்டைச் சற்று ஊன்றிக் கவனித்தால், இது வெறும் மோட்டார் கூலி விவகாரம் அன்று என்பது விளங்கும். பொது ஜனங்கள் நடமாடுவதற்கு வேண்டிய வழியை யார் அமைப்பது, யாருடைய தயவில் அந்த வழி நிற்பது என்ற பெரிய பிரச்னை இதில் அடங்கியிருக்கிறது.

அந்தப் பூங்கா 1971-ஆம் வருஷம் அக்டோபர் முதல் தேதியன்று திறக்கப்பட்டது. பரப்பிலே ஒரு பெரிய நகரத்திற்கு நிகரானது. அதைக் காண வருகிறவர்களில் கோடீசுவரர்கள் சிலரே. ஓராண்டு, ஈராண்டு சிறுகச் சிறுகச் சேர்த்து வைத்த பணத்தை எடுத்துக்கொண்டு, குழந்தைகளின் ஆசையைப் பூர்த்தி செய்ய வருகிற நடுத்தரக் குடும்பத்தாரே மிகப் பலர். அமெரிக்காவில் உத்தியோகம் பார்க்கும் நம்மவர்களும், ஊரிலிருந்து வந்திருக்கும் வயது முதிர்ந்த பெற்றோரையும் கூட்டிக்கொண்டு அங்கே போகிறார்கள். இவர்கள் முதலில் செய்கிற காரியம், மிகக் குறைந்த விலையில் விமானச் சீட்டு எங்கே கிடைக்கிறது என்று தேடுவது. முதல் தவறு அங்கேயே நிகழ்ந்து விடுகிறது.

ஆர்லாண்டோவுக்குப் போகும் வழியென்று சொல்லப்படும் விமான நிலையங்கள் ஒன்றல்ல. ஆர்லாண்டோ சர்வதேச விமான நிலையம் பூங்காவிலிருந்து சுமார் 20 மைல் தூரத்தில் இருக்கிறது. பழைய மக்காய் ராணுவ விமானத் தளமே இவ்வாறு மாறியது. இன்றும் பிரயாணிகளின் பெட்டிகளில் ஒட்டப்படும் ‘எம்.சி.ஓ.’ என்ற எழுத்துக்கள் அந்தப் பழைய பெயரின் மிச்சமே. ஸான்போர்டு விமான நிலையமும் ஆர்லாண்டோவின் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஆனால் அது நகரத்திற்கு வடகிழக்கே இருப்பதால், தென்மேற்கே இருக்கும் பூங்காவிற்குப் போக 40 மைலுக்கு மேல் கடக்க வேண்டும். கடற்கரையிலுள்ள மெல்போர்ன் விமான நிலையமும் தன் பெயரோடு ஆர்லாண்டோவைச் சேர்த்துக்கொண்டிருக்கிறது. அங்கிருந்து ஏறக்குறைய 70 மைல். மேற்கே டாம்பாவிலிருந்தும் ஏறக்குறைய அதே தூரந்தான். பெயரை நம்பி இறங்குகிறவன் தூரத்தைக் கூலியாகக் கொடுக்கிறான்.

சீட்டின் விலையை மட்டும் பார்க்கிறவன் பாதிக் கணக்கையே பார்க்கிறான். விமானத்திலிருந்து இறங்கிப் பூங்காவை அடையவும், திரும்பி வரவும் ஆகும் வண்டிச் செலவு ஒன்று. வழியில் கழியும் நேரம் மற்றொன்று. இறங்கும் வேளை மூன்றாவது. நடுநிசியில் தூரத்து நிலையமொன்றில் தூங்கும் குழந்தைகளோடு வந்திறங்கி, வாடகை வண்டிக்கு வரிசையில் நிற்கும் குடும்பத்திற்கு, சீட்டில் மிச்சமான பணம் மறுநாள் காலையில் மிச்சமாக இராது. முதல் நாள் முழுவதும் களைப்பில் போய்விடுமானால், அந்த நாளைக்கென்று வாங்கிய பூங்காச் சீட்டின் விலையையும் நஷ்டக் கணக்கில் எழுத வேண்டியதே. மலிவுக் கட்டண விமானங்கள் பல வாரத்தில் சில நாட்களே பறக்கின்றன என்பதையும் மறக்கலாகாது. ஒரு விமானம் நின்றுவிட்டால் அடுத்தது மறுநாளே வரும் என்று சொல்வதற்கில்லை. பெரிய நிலையத்திலோ அன்றைக்கே வேறு விமானம் கிடைக்கக் கூடும்.

ஆகவே நமது அபிப்பிராயத்தைத் திட்டமாகவே கூறுகிறோம். பூங்காவைத் தவிர வேறெங்கும் போகும் உத்தேசமில்லாதவர்கள், சீட்டு சற்றே விலை கூடினும் ஆர்லாண்டோ சர்வதேச நிலையத்திலேயே இறங்குவது உசிதம். எப்படியும் மோட்டார் ஒன்றை வாடகைக்கு எடுத்துத் தாமே ஓட்ட முடிவு செய்தவர்களுக்கு ஸான்போர்டு பொருந்தலாம். நிலையம் சிறியது, கூட்டமும் குறைவு. மேற்குக் கடற்கரையையும் பார்க்க விரும்புகிறவர்களுக்கு டாம்பா தகும். ஆனால் டாம்பாவிலிருந்து வரும் நான்காம் எண் பெருஞ்சாலை நெரிசலுக்குப் பேர் போனது. மணிக்கணக்கில் அங்கே காத்துக் கிடக்க நேரிடலாம். மோட்டாரை வாடகைக்கு எடுக்கிறவர்கள் சுங்கச் சாலைகளையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஆர்லாண்டோவைச் சுற்றிலும் சுங்கம் வாங்கும் சாலைகளே அதிகம். வாடகைக் கம்பெனிகள் அந்தச் சுங்கத்தின்மேல் தங்கள் கூலியையும் ஏற்றி வசூலிப்பது வழக்கம். கம்பெனியின் விடுதிகளில் தங்காதவர்கள் பூங்கா வாசலில் வண்டியை நிறுத்தவும் பணம் செலுத்த வேண்டும். குழந்தைகளுக்குரிய தனி ஆசனத்தையும் முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். ஐந்து வயது வரையிலுள்ள குழந்தைகளுக்கு அது வேண்டுமென்பது அந்த ராஜ்யத்தின் சட்டம்.

இதுவரை கூறியது பிரயாணிக்கு. இனிச் சொல்லப் போவது பிரஜைக்கு.

2005-ஆம் வருஷம் முதல் டிஸ்னி கம்பெனி தன் விடுதிகளில் தங்குகிறவர்களை விமான நிலையத்திலிருந்து இலவசமாக பஸ்ஸில் அழைத்துச் சென்று வந்தது. பெட்டிகளைத் தேடி அலைய வேண்டியதில்லை; அவை நேரே விடுதி அறைக்கு வந்து சேரும். லக்ஷக்கணக்கான குடும்பங்கள் இதை நம்பித் தங்கள் பிரயாணத்தை அமைத்துக் கொண்டன. 2021-இல் கம்பெனி ஓர் அறிவிப்புச் செய்தது. 2022 தொடக்கத்தில் பஸ் நின்றது. எவரும் கேட்கவில்லை, கேட்க எவருக்கும் பாத்தியதையும் இல்லை. கம்பெனி கொடுத்தது, கம்பெனி எடுத்துக்கொண்டது. அது முதல் கூலிக்கு ஓடும் பஸ்களும் வாடகைக் கார்களுமே கதி. உள்ளூர் நிர்வாகங்களின் ஆதரவில் நடக்கும் ‘லிங்க்ஸ்’ என்ற பொது பஸ் சொற்பக் கட்டணத்தில் ஓடுகிறது என்பது உண்மையே; ஆனால் பெட்டிகளோடும் குழந்தைகளோடும் வருகிறவர்களை மனத்தில் வைத்து அது அமைக்கப்பட்டதன்று. சலுகை வேறு, உரிமை வேறு என்ற பாடத்தை இதைவிடத் தெளிவாக எவரும் கற்பிக்க முடியாது.

இதன் பூர்வ சரித்திரத்தைப் பார்த்தால் விஷயம் இன்னும் விளங்கும். வால்ட் டிஸ்னி 1966-இல் தாம் காலமாவதற்குச் சில வாரங்களுக்கு முன் விளக்கிய திட்டத்தில், அவருடைய நிலத்தின் தென் பகுதியிலேயே ஒரு விமான நிலையமும், அங்கிருந்து எல்லா இடங்களுக்கும் ஒற்றைத் தண்டவாள ரயிலும் இருந்தன. 1967-இல் புளோரிடா சட்டசபை அந்தக் கம்பெனியின் நிலத்திற்கென்றே தனி ஜில்லா ஒன்றை நிறுவி, சாலை போடவும், வடிகால் வெட்டவும், கட்டிட விதிகள் செய்யவும், விமான நிலையம் அமைக்கவும், அணுசக்தி நிலையம் கட்டவுங்கூட அதிகாரம் கொடுத்தது. கம்பெனி ஆட்சி எத்தகையது என்பதை நம் நாட்டாருக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. இவ்வளவு அதிகாரத்தைக் கொண்டு நடந்தது என்ன? சிறு விமானங்கள் இறங்கத்தக்க ஒரு சிறு ஓடுபாதை 1971-இல் அமைந்தது. அதில் பிரயாணி விமானங்கள் வந்து போனது சொற்ப காலமே. பூங்காவிற்குள்ளேயோ ரயிலுண்டு, படகுண்டு, பஸ்ஸுண்டு, ஆகாயத்தில் தொங்கிச் செல்லும் பெட்டிகளுண்டு. வாயிலைத் தாண்டியதும் ஒன்றுமில்லை. அந்த ஜில்லாவின் நிர்வாகக் குழுவைக் கவர்னரே நியமிக்கும்படி 2023-இல் சட்டம் மாற்றப்பட்டது. கம்பெனியின் கையிலிருந்த அதிகாரம் கவர்னரின் கைக்குப் போயிற்று. ஜனங்களுக்கு வழி பிறக்கவில்லை.

கம்பெனியை மட்டும் குறை கூறுவது நியாயமாகாது. லாபம் கருதி நடப்பது அதன் சுபாவம். சர்க்காரும் ஜனங்களும் செய்ததையும் பார்க்க வேண்டும். 2000-ஆம் வருஷத்தில் புளோரிடா வாக்காளர்கள், ராஜ்யத்தின் பெரிய நகரங்களை அதிவேக ரயிலால் இணைக்க வேண்டுமென்று அரசியல் சட்டத்திலேயே எழுதிவைத்தார்கள். நான்கே வருஷங்களில், 2004-இல், செலவைக் காட்டி நடந்த பிரசாரத்திற்குச் செவி சாய்த்து, அதே வாக்காளர்கள் அதை அழித்துவிட்டார்கள். பிறகு மத்திய சர்க்கார் டாம்பாவுக்கும் ஆர்லாண்டோவுக்கும் நடுவே 84 மைல் ரயில் பாதைக்காக 240 கோடி டாலர் தர முன்வந்தது. விமான நிலையத்தில் ஒரு ஸ்டேஷன், பூங்காவருகில் ஒரு ஸ்டேஷன் என்று திட்டம் தயாராயிற்று. 2011 பிப்ரவரியில் கவர்னர் ரிக் ஸ்காட் அந்தப் பணம் வேண்டாமென்று மறுத்துவிட்டார். செலவு மிஞ்சினால் ராஜ்யத்தின் வரி செலுத்துவோர் தலையில் விழும் என்பது அவர் கூறிய காரணம். பணம் வேறு ராஜ்யங்களுக்குப் போயிற்று.

இதன் பின்னர், 2023 செப்டம்பர் 22-ஆம் தேதி, ‘பிரைட்லைன்’ என்னும் தனியார் ரயில் மயாமியிலிருந்து ஆர்லாண்டோ விமான நிலையம் வரை ஓடத் தொடங்கியது. 235 மைல் தூரத்தை ஏறக்குறைய மூன்றரை மணி நேரத்தில் கடக்கிறது. மெச்சத்தக்க காரியமே. மயாமியில் இறங்குகிறவர்களுக்கு இது ஒரு நல்ல வழி. ஆனால் ரயில் வந்து நிற்பது விமான நிலையத்தில். பூங்கா அப்பால் 20 மைல். பூங்காவின் கடைவீதியருகே ஸ்டேஷன் அமைப்பதென்று 2020-இல் செய்யப்பட்ட ஏற்பாடும், பாதை மாறியதால் 2022-இல் கைவிடப்பட்டது. உள்ளூர்ப் பிரயாணத்திற்காக 2014 முதல் ஓடும் ‘ஸன்ரெயில்’ விமான நிலையத்தையும் தொடவில்லை, பூங்காவையும் தொடவில்லை. நூற்றுக்கணக்கான மைல்களைக் கடந்து வந்த பிரயாணிக்குக் கடைசி இருபது மைலிலே வழியில்லை.

இது விதியின் செயலன்று. இதே கம்பெனி பிரான்ஸ் தேசத்தில் பூங்கா அமைக்கப் போனபோது, அந்த சர்க்கார் 1987-இல் செய்துகொண்ட உடன்படிக்கையிலேயே ரயில் பாதையை நீட்டும் பொறுப்பையும் சேர்த்துக் கொண்டது. பூங்கா 1992 ஏப்ரல் 12-ஆம் தேதி திறக்கப்பட்டது. அதற்குச் சில தினங்கள் முன்னமே பாரிஸ் நகரின் மத்தியிலிருந்து வரும் பொது ரயில் பூங்கா வாயிலுக்கே வந்து நின்றது. 1994-இல் அதிவேக ரயிலும் வந்தது. சார்லஸ் டி கால் விமான நிலையத்தில் இறங்குகிறவர்கள் அந்த ரயிலேறினால் சுமார் பத்து நிமிஷத்தில் பூங்காவை அடைகிறார்கள். ஹாங்காங்கிலும் 2005-இல் பூங்கா திறப்பதற்கு முந்திய மாதமே ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. பாரிஸுக்கு அப்பால், வடக்கே 50 மைலுக்கு மேல் தள்ளியிருக்கும் போவே என்ற மலிவு விமான நிலையத்தில் இறங்குகிறவன் அங்கேயும் தவிக்கத்தான் செய்வான். ஆனால் அவனுக்கு வேறு வழி இருந்தது, அவன் தேர்ந்தெடுக்கவில்லை. ஆர்லாண்டோப் பிரயாணிக்கோ தேர்ந்தெடுக்க வழியே அமைக்கப்படவில்லை. பிரெஞ்சு சர்க்கார் அக்கம்பெனிக்கு அளித்த சலுகைகள் யாவும் சரியென்று நாம் சாதிக்கவில்லை. கம்பெனியோடு பேரம் பேசும்போது ஜனங்களின் வழியையும் பேரத்தில் சேர்க்கலாம் என்பதற்கு அது அத்தாட்சி.

உல்லாசத்திற்காகப் போகிறவர்களுக்கு ஏழை வரிப்பணத்தில் ரயிலா என்று ஒரு ஆக்ஷேபம் எழும். இதை அலட்சியம் செய்ய மாட்டோம். ஆனால் அந்தப் பூங்காவில் மட்டும் 70,000-க்கு மேற்பட்டோர் வேலை செய்கிறார்கள். படுக்கை விரிப்பவர்கள், சமைப்பவர்கள், குப்பை கூட்டுபவர்கள் யாவரும் தினந்தோறும் அதே சாலையில் போய் வர வேண்டியவர்களே. விருந்தாளிக்கு வருஷத்தில் இரண்டு முறை நேரும் கஷ்டம் தொழிலாளிக்குத் தினம் இரண்டு முறை நேருகிறது. 2023-இல் அந்த விமான நிலையத்தின் வழியாகச் சென்றவர்கள் 5 கோடியே 70 லக்ஷத்திற்கு மேற்பட்டோர். இத்தனை ஜனங்கள் புழங்கும் இடத்தில் ரயில் போடுவது ஆடம்பரமென்றால், பின் எங்கே போடுவது அவசியம்?

பிரயாணம் போகிறவர்களுக்கு நமது யோசனை சுருக்கமானது: சீட்டு வாங்குவதற்கு முன் இறங்கிய பிறகு செல்லும் வழியை முடிவு செய்யுங்கள்; விமானக் கூலியோடு போகவர வண்டிக் கூலியையும் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள். பொதுக் காரியங்களில் ஈடுபட்டவர்களுக்கு ஒரு வார்த்தை. பெரிய முதலாளிகள் பெரிய தொழில்களோடு ஓர் ஊருக்கு வரும்போது, நிலத்தையும் வரிச் சலுகையையும் பற்றிப் பேச்சு நடக்கும். வழியைப் பற்றிப் பேச எவரும் இருப்பதில்லை. வாசலில் ஓசி வண்டி வந்து நிற்கிறபோது ரயிலைக் கேட்க மனம் வராதுதான். ஆனால் அந்த வண்டி ஒருநாள் வராமல் நின்றுவிடும். அன்று கேட்டுப் பயனில்லை. உடன்படிக்கையில் கையெழுத்தாவதற்கு முன்னேயே கேட்க வேண்டும்.