பிள்ளைகளின் மனக்கோளாறும் வைத்தியர் தேடும் முறையும்

பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் டாக்டரிடம் ஓடுகின்றோம். கை ஒடிந்தால் கட்டுப் போடுகின்றவரைத் தேடுகின்றோம். அதே பிள்ளை இரண்டு மாதமாய்ச் சரியாகத் தூங்காமலும், சாப்பிடாமலும், பள்ளிக்கூடம் போக நடுங்கியும், யாரோடும் பேசாமல் மூலையில் உட்கார்ந்தும் இருந்தால் மாத்திரம் ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு ஜோசியனிடம் போவானேன்? உடம்புக்கு நோய் வருமென்று ஒப்புக்கொள்ளுகின்ற புத்தி, மனதுக்கும் நோய் வருமென்பதை ஒப்புக்கொள்ள ஏன் மறுக்க வேண்டும்?

இது எங்கோ ஒரு வீட்டுச் சங்கதியல்ல. பெங்களூர் நிமான்ஸ் நிலையத்தார் 2015-16ல் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பில், 13 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகளில் 100க்கு 7 பேருக்கு மேல் ஏதாவதொரு மனக்கோளாறு இருப்பதாய்க் கண்டார்கள். அப்படியானால் 50 பிள்ளைகள் உள்ள ஒரு வகுப்பில் மூன்று நான்கு பேர் என்று ஆகின்றது. அவர்களெல்லாம் பேய் பிடித்தவர்களா? பூர்வ ஜன்மத்தில் பாவம் செய்தவர்களா?

பேயோட்டுகின்ற வேலையில் மதத்துக்கு மதம் பேதமில்லை. கோவிலிலும், தர்காவிலும், ஜெபக் கூட்டத்திலும் அடியும் பட்டினியும் கட்டிப்போடுதலும்தான் மருந்தாயிருந்து வந்திருக்கின்றன. இதன் பலனை நாடு ஒருதரம் கண்ணாரக் கண்டது. 2001ம் வருஷம் ஆகஸ்டு 6ந் தேதி ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த கொட்டகை ஒன்றில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டுண்டு ஓட வழியின்றி 28 பேர் மாண்டார்கள். 2017ம் வருஷத்து மனநலச் சட்டம் மனநோயாளிக்கு எவ்விதத்திலும் சங்கிலி பூட்டக் கூடாதென்கின்றது. பெண்பிள்ளையானால் “கலியாணம் ஆனால் சரியாய்ப் போய்விடும்” என்கின்ற வேறொரு வைத்தியமும் நம்மவர்களிடம் இருக்கின்றது. 18 வயதுக்குட்பட்ட பெண்ணுக்குக் கலியாணம் செய்வது குற்றம். வயது வந்த பெண்ணுக்கும் தாலி மருந்தாகாது.

நிற்க, பூசாரியை விட்டுவிட்டால் மாத்திரம் போதாது. பூசாரியிடம் கும்பிட்ட கையோடு வெள்ளைக் கோட்டையும் கும்பிடுவதானால் நாம் திருந்தியவர்களாக மாட்டோம். ஆகையால் யாரிடம் போவது என்பதை விவரமாய்த் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலாவது உடம்பைச் சோதிக்க வேண்டும். காது கேளாத பிள்ளையை மக்கு என்றும், வலிப்புக் கண்ட பிள்ளையைப் பேய் பிடித்ததென்றும், எழுத்துக் கூட்டிப் படிப்பதில் பிறவிக் கஷ்டமுள்ள பிள்ளையைச் சோம்பேறி என்றும் சொல்லிவிடுகின்றார்கள். மனநல மருத்துவர் என்பவர் வைத்தியப் படிப்பு முடித்து அதன்மேல் மனநோய் வைத்தியம் படித்தவர். மருந்து எழுத யோக்கியதை உடையவர். மருத்துவ உளவியலாளர் என்பவர் மருந்து கொடுக்காமல் பேச்சினாலும் பழக்கத்தினாலும் பயிற்சியினாலும் குணப்படுத்துகின்றவர். அவர் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். மூன்றாவதாக, “கவுன்சிலர்” என்று பலகை மாட்டியவர்கள் இருக்கின்றார்கள். அவர்களில் நன்றாய்ப் படித்தவர்களும் உண்டு. சில நாள் வகுப்பில் கிடைத்த காகிதத்தைக் கண்ணாடி போட்டு மாட்டியவர்களும் உண்டு.

ஆகவே கேளுங்கள்: “தாங்கள் என்ன படித்தீர்கள்? பதிவு எண் என்ன? இந்த வயதுப் பிள்ளைகளைப் பார்த்துப் பழக்கமுண்டா? என்ன முறையில் வைத்தியம் செய்வீர்கள்? எத்தனை தடவை வரவேண்டும்? குணம் தெரிகின்றதென்பதை எதைக்கொண்டு அறிவது? பீஸ் எவ்வளவு?” யோக்கியமான வைத்தியர் இதற்குக் கோபிக்க மாட்டார். கோபிப்பவரையும், ஒரே வாரத்தில் பூரண குணமென்று சத்தியம் செய்பவரையும், ஆறு மாதப் பணத்தை முன்கூட்டிக் கேட்பவரையும், பிள்ளையை அடிப்பவரையும் விட்டுவிடுங்கள். ஆண் ஆணை விரும்புவதையும் பெண் பெண்ணை விரும்புவதையும் மாற்றித் தருவதாய்ச் சொல்லுகின்றவரிடம் போகவே போகாதீர்கள். அப்படி மாற்ற முயலுவதை 2021ல் சென்னை ஹைகோர்ட் தடுத்ததோடு, 2022ல் தேசிய மருத்துவ ஆணையமும் அதை வைத்தியத் தொழிலுக்கு ஒவ்வாத குற்றமென்று சொல்லிவிட்டது.

இதைவிட முக்கியமானது ஒன்றுண்டு. பிள்ளைக்கும் சுயமரியாதை உண்டு. சினிமாவுக்கென்று ஏமாற்றி வைத்தியரிடம் இழுத்துப் போகாமல், எங்கே எதற்காகப் போகின்றோம் என்பதைச் சொல்லியே அழைத்துப்போக வேண்டும். பெண்பிள்ளை ஒரு பெண் வைத்தியர்தான் வேண்டுமென்றால் அதற்கு மதிப்புக் கொடுக்க வேண்டும். வைத்தியரோடு தனியே பேச விட்டு, வெளியே வந்ததும் “என்ன சொன்னாய்?” என்று போலீஸ் விசாரணை செய்யாதிருக்க வேண்டும். உயிருக்கு ஆபத்தென்றாலும், பிள்ளை பாலியல் கொடுமைக்கு ஆளாகியிருந்தாலும் வைத்தியர் அந்த ரகசியத்தைக் காக்க முடியாது. பின்னதை அதிகாரிகளுக்குத் தெரிவித்தே தீரவேண்டுமென்பது 2012ம் வருஷத்துப் போக்சோ சட்டம். மூன்று நான்கு தடவை போயும் பிள்ளைக்கு அவரிடம் மனம் ஒட்டவில்லையானால் வேறொருவரைப் பார்ப்பதில் யாதொரு தவறுமில்லை.

அன்றியும், நல்ல வைத்தியர் பெற்றோரையும் உட்காரவைத்துப் பேசுவார். அப்பன் குடித்துவிட்டு அடிக்கின்ற வீட்டிலும், அடுத்த வீட்டுப் பையனின் மார்க்கைச் சொல்லித் தினமும் குத்துகின்ற வீட்டிலும் பிள்ளைக்கு மாத்திரம் மருந்து கொடுத்து என்ன பிரயோஜனம்?

பணமில்லையே என்பவர்களுக்கு: மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரியிலும், சர்க்கார் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியிலும், சென்னைக் கீழ்ப்பாக்கம் மனநல நிலையத்திலும் மனநலப் பிரிவு இருக்கின்றது. 2022 அக்டோபரில் தொடங்கிய 14416 என்ற டெலிபோன் எண்ணில் தமிழிலேயே இலவசமாய் ஆலோசனை கேட்கலாம். பிள்ளை சாவைப் பற்றிப் பேசினால் மறுநாள் வரை காத்திராதீர்கள். வீட்டிலுள்ள பூச்சிமருந்தை அப்புறப்படுத்துங்கள். தனியே விடாமல் கூடவே இருந்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். “சாக வேண்டுமென்று தோன்றுகிறதா?” என்று அன்பாய்க் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாய் உண்டாகிவிடாது. கேட்டால்தான் பிள்ளை வாய் திறக்கும்.

ஊர் என்ன சொல்லுமோ என்று பயந்து நாட்களைக் கடத்துகின்றவர்களுக்கு ஒன்று சொல்லுவோம். நாளை அந்தப் பிள்ளைக்கு ஒன்று ஆகிவிட்டால், அந்த ஊர் ஒரு வேளை வந்து அழுதுவிட்டுப் போய்விடும். ஆதலால் ஊரைக் கேட்காமல், இன்றைக்கே பிள்ளையைக் கேட்டு ஆகவேண்டியதைச் செய்யுமாறு தோழர்களை வேண்டிக்கொள்ளுகின்றோம்.