மதுரையா, திருச்சியா?

திண்டுக்கல்வாசிகளுக்குக் கல்யாணம் என்றால் ஒரு தர்மசங்கடமும் கூடவே வரும்: ஜவுளி வாங்க மதுரைக்குப் போவதா, திருச்சிக்கா? எங்கள் பெண்ணின் விவாகத்தின்போது வீட்டில் மூன்று நாள் இதே தர்க்கம். திருச்சிப் பெரிய கடை வீதியின்மேல் எனக்குப் பிரியம்; ஆனால் ஏறக்குறைய 100 கிலோமீட்டர். மதுரை சுமார் 65தான். சுங்குடிப் புடவைக்கும் அதுவே பிறப்பிடம். காலையில் போய் இரவு திரும்ப மதுரையே உசிதமென்று முடிவாயிற்று.

மேலமாசி வீதியில் நடக்கும்போது, 1921 செப்டம்பரில் மகாத்மா அரையாடை பூணத் தீர்மானித்த வீடு எதிர்ப்பட்டது. என் சகதர்மிணி சற்று நின்றாள். பிறகு ஜாபிதாவை வாங்கி மூன்று பட்டுப் புடவைகளை அடித்தாள். "இதற்காகக் கடன் வாங்க வேண்டாம்" என்றாள்.

இரண்டு ஊர்களையும் நிறுத்துப் பார்த்த நாங்கள், ஜாபிதாவை நிறுத்துப் பார்க்க மறந்திருந்தோம்!