கம்ப்ரசரைக் கழற்றலாமா?

காரில் ஏ.சி. கம்ப்ரசர் போய்விட்டால் என்ன செய்வது? கம்பெனி சர்வீஸ் சென்டரில் கேட்டால் ஒரு பதில், தெருமுனை மெக்கானிக்கிடம் கேட்டால் ஒரு பதில், வீட்டில் அம்மாவிடம் கேட்டால் இன்னொரு பதில். போன மே மாதம் எங்கள் வீட்டில் இந்த மூன்று பதில்களும் ஒரே நாளில் வந்து மோதிக்கொண்டன.

அப்பாவின் கார் பழையது. பதினான்கு வருடம் ஆகிவிட்டது. பானெட்டுக்குள்ளிருந்து ஒரு வாரமாகக் 'கரகர' என்று சத்தம். சர்வீஸ் சென்டரில் பார்த்துவிட்டு, "கம்ப்ரசர் மாற்ற வேண்டும்" என்று ஒரு எஸ்டிமேட் கொடுத்தார்கள். அந்தக் காரை இன்றைக்கு விற்றால் என்ன கிடைக்குமோ அதில் கால்வாசி அது. தெருமுனை மெக்கானிக் அண்ணன் சிரித்தார். "எதுக்கு சார் அவ்வளவு செலவு? கழட்டிட்டு பைபாஸ் பண்ணிடலாம், வண்டி பாட்டுக்கு ஓடும்" என்றார். அம்மா மட்டும், "இந்த வெயில்ல பாட்டியை ஆஸ்பத்திரிக்கு எப்படிக் கூட்டிட்டுப் போறது?" என்று கேட்டார். அப்பா அண்ணன் பக்கம் சாய்ந்தார். ஒரு மணி நேரத்தில் கம்ப்ரசர் கழன்று சாக்குப்பையில் வந்துவிட்டது.

கழற்றியதே தப்பு என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. பழைய காரில் கம்ப்ரசரைக் கழற்றுவது நியாயமான முடிவாக இருக்கலாம். கையில் காசில்லாதவன் எஸ்டிமேட்டைப் பார்த்துவிட்டுக் காரை மூலையில் நிறுத்துவதைவிட, ஏ.சி. இல்லாமல் ஓட்டுவது எவ்வளவோ மேல். என் வருத்தமெல்லாம், நம் ஊரில் அதை எப்படிச் செய்கிறோம் என்பதில்தான். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் செய்தோம். பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தவன் நான்.

முதலில் அந்த இயந்திரம் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிடுவோம். எஞ்ஜினின் கிராங்க் புல்லியிலிருந்து ஒரு பெல்ட் வந்து கம்ப்ரசரின் புல்லியைச் சுற்றுகிறது. ஆனால் புல்லி சுற்றினால் கம்ப்ரசரும் சுற்றும் என்று அர்த்தமில்லை. நடுவில் ஒரு காந்த கிளட்ச் இருக்கிறது. ஏ.சி. சுவிட்சைப் போட்டால் காயிலில் மின்சாரம் பாய்ந்து, கிளட்ச் தட்டு புல்லியோடு 'டக்' என்று ஒட்டிக்கொள்ளும். அப்போதுதான் உள்ளே இருக்கும் தண்டு சுற்றும். சுவிட்சை அணைத்துவிட்டால், புல்லி தன் பேரிங்கில் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும், கம்ப்ரசர் தூங்கிக்கொண்டிருக்கும்.

இது புரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்தது. கம்ப்ரசரின் உள்பாகம் ஜாம் ஆகியிருக்கிறது, ஆனால் புல்லி நன்றாகச் சுற்றுகிறது என்றால், எதையும் கழற்ற வேண்டியதே இல்லை! ஏ.சி. சுவிட்சைத் தொடாமல் இருந்தால் போதும். வீட்டில் யாராவது மறந்துபோய் அமுக்கிவிடுவார்கள் என்று பயமாக இருந்தால், கிளட்சுக்குப் போகும் ஒயரைப் பிடுங்கி, முனையில் டேப் சுற்றிவிடலாம். செலவு பத்து ரூபாய் டேப். இதைச் சொல்லும் மெக்கானிக்கை நான் இன்னும் பார்க்கவில்லை.

மாறாக, ஏ.சி. போட்டாலும் போடாவிட்டாலும் சத்தம் வருகிறது என்றால், சந்தேகப்பட வேண்டியது புல்லியின் பேரிங்கை. (பக்கத்தில் இருக்கும் ஐட்லர், ஆல்டர்னேட்டர் பேரிங்காகவும் இருக்கலாம். பெல்ட்டைக் கழற்றி ஒவ்வொரு புல்லியாகக் கையால் சுற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும்.) இதை அப்படியே விட்டுவிடக் கூடாது. பேரிங் இறுகினால் பெல்ட் தேய்ந்து புகையும், அறுந்தும் போகும். அதே பெல்ட்தான் ஆல்டர்னேட்டரையும் வாட்டர் பம்பையும் சுற்றுகிறது என்றால், நடுரோட்டில் பேட்டரி விளக்கு எரியும், எஞ்ஜின் சூடேறும், கார் நின்றுவிடும். ஆனால் இதற்கும் புதுக் கம்ப்ரசர் தேவையில்லை. பேரிங்கை மட்டும், அல்லது கிளட்ச் செட்டை மட்டும் மாற்றலாம். கை நுழைய இடமிருந்தால், பல கார்களில் கேஸ் பைப்பைத் திறக்காமலே இந்த வேலையை முடித்துவிடலாம்.

எங்கள் காரில் சத்தம் எப்போதும் வந்தது. ஏ.சி.யும் கடைசி நாள் வரை நன்றாகவே குளிர்ந்தது. இரண்டும் எனக்குத் தெரியும். இரண்டையும் சேர்த்து யோசிக்கத்தான் தோன்றவில்லை. ஒரு வாரம் கழித்து வீட்டுக்கு வந்த என் மாமா பையன் சாக்குப்பையைப் பிரித்துப் பார்த்தான். அவன் ஏ.சி. ஒர்க்ஷாப்பில் வேலை செய்பவன். கிளட்ச் தட்டைச் சுற்றினான், தண்டு வழுக்கிக்கொண்டு சுற்றியது. புல்லியைச் சுற்றினான், அதே 'கரகர'. "டேய், இது பேரிங்டா. கம்ப்ரசரை எதுக்குடா கழட்டினீங்க?" என்றான். அப்பா பதில் சொல்லவில்லை. நானும்தான்.

இன்னொரு வகையும் இருக்கிறது. சில புதிய கார்களில் கிளட்சே கிடையாது. கம்ப்ரசர் எப்போதும் சுற்றிக்கொண்டே இருக்கும், உள்ளே ஒரு வால்வுதான் வேலையைக் கூட்டும் குறைக்கும். அங்கே சுவிட்சை அணைத்துவிட்டுத் தப்பிக்க முடியாது. எந்த வகை என்று தெரிந்துகொள்ளாமல் ஸ்பேனரை எடுப்பதுதான் முதல் தவறு. மின்சாரக் கார் என்றால் நினைக்கவே கூடாது. பல மின்சாரக் கார்களில் பேட்டரியைக் குளிர வைப்பதும் அதே ஏ.சி.தான். கம்ப்ரசருக்குப் போகும் அந்த ஆரஞ்சு நிற ஒயரில் உயிரைக் குடிக்கும் அளவுக்கு மின்சாரம் ஓடுகிறது.

சரி, கழற்றித்தான் ஆக வேண்டும் என்றால்? ஏ.சி.க்கென்று தனி பெல்ட் இருக்கும் கார்களில் பிரச்சினையே இல்லை. அந்த பெல்ட்டை உருவிவிட்டால் வேலை முடிந்தது. உலகத்தின் முதல் கார் ஏ.சி.யே அப்படித்தான் அணைக்கப்பட்டது என்றால் நம்புவீர்களா? அமெரிக்காவின் பேக்கார்ட் கம்பெனி 1939-இல் தன் 1940 மாடல் கார்களுக்கு ஏ.சி.யை அறிமுகப்படுத்தியபோது அதில் கிளட்ச் இல்லை. குளிர் போதும் என்று தோன்றினால் எஞ்ஜினை நிறுத்தி, இறங்கி, பானெட்டைத் திறந்து பெல்ட்டைக் கழற்ற வேண்டும்! அந்தக் கணக்கில் பார்த்தால் நம் தெருமுனை அண்ணன்கள் பேக்கார்ட் பரம்பரை.

ஒரே நீள பெல்ட் எல்லாவற்றையும் சுற்றும் கார்களில்தான் கவனம் வேண்டும். இரண்டு வழி உண்டு. ஒன்று, கம்ப்ரசர் இருந்த இடத்தில் ஒரு வெறும் புல்லியைப் பொருத்துவது. பெல்ட் பழைய பாதையிலேயே ஓடும். இன்னொன்று, கம்ப்ரசரைத் தவிர்த்துவிட்டுக் குட்டையான பெல்ட் போடுவது. இது மலிவு, ஆனால் ஆபத்தும் இதில்தான். பாதை மாறும்போது ஆல்டர்னேட்டர் புல்லியையோ வாட்டர் பம்ப் புல்லியையோ பெல்ட் சுற்றிப் பிடிக்கும் அளவு குறைந்தால் வழுக்கும். டென்ஷனர் தன் எல்லைக்குள் நிற்க வேண்டும். எல்லாவற்றையும்விட, வாட்டர் பம்ப் முன்பு சுற்றிய திசையிலேயே சுற்ற வேண்டும். பெல்ட்டின் பல் பக்கம் தொட வேண்டிய புல்லியை முதுகுப் பக்கம் தொட்டால் திசையே மாறிவிடும். என்னைக் கேட்டால், இதே மாடலுக்கு வெறும் புல்லி கிடைத்தால் அதை வாங்குங்கள். கைக்குக் கிடைத்த நீளத்தில் பெல்ட்டைப் போட்டு "ஓடுது சார்" என்று அனுப்புவதை ஒப்புக்கொள்ளாதீர்கள். முடித்த பிறகு எஞ்ஜினைச் சூடேற விட்டு, ரேடியேட்டர் ஃபேன் ஓடுகிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

"கம்ப்ரசரை எடுத்துட்டா மைலேஜ் கூடும் சார்" என்று ஒரு பேச்சு உண்டு. கிளட்ச் விட்டிருக்கும் கம்ப்ரசர் எஞ்ஜினிடமிருந்து எடுக்கும் சக்தி ஒன்றுமே இல்லை என்று சொல்லலாம். எடையும் சில கிலோதான். மைலேஜ் வேண்டுமென்றால் ஏ.சி.யை அணையுங்கள், போதும். நல்ல கம்ப்ரசரை மைலேஜுக்காகக் கழற்றுவது வீண் வேலை.

இப்போது நான் வெட்கப்படும் இடத்துக்கு வருகிறேன். அன்று அந்த அண்ணன் ஸ்பேனரை வைத்துப் பைப்பின் நட்டைத் தளர்த்தினார். 'உஸ்ஸ்ஸ்...' என்று சத்தம். வெள்ளையாக ஒரு புகை. அரை நிமிடத்துக்கு மேல் அந்தச் சத்தம் கேட்டது. "கேஸ் போவுது தம்பி, தள்ளி நில்லு" என்றார். நான் தள்ளி நின்று சிரித்துக்கொண்டிருந்தேன். தள்ளி நிற்கச் சொன்னது சரிதான், அழுத்தத்தோடு வரும் அந்தத் திரவம் பட்டால் தோல் உறைந்து புண்ணாகும், கண்ணில் பட்டால் கண்ணே போகலாம். ஆனால் போனது என்ன?

ஓசோன் ஓட்டையைப் பற்றி ஐந்து மதிப்பெண் கேள்விக்கு விடை எழுதி முழு மதிப்பெண் வாங்கியவன் நான். 1974-இல் மொலினாவும் ரோலண்டும் எச்சரித்தது, 1985-இல் அண்டார்டிகாவுக்கு மேல் ஓசோன் குறைவது வெளியானது, 1987-இல் மாண்ட்ரியல் ஒப்பந்தம் என்று வரிசையாக ஒப்பிப்பேன். அந்தக் காலத்துக் கார்களில் இருந்த ஆர்-12 வாயு ஓசோனைத் தின்றது. அதன் இடத்தில் 1990-களில் வந்த ஆர்-134ஏ ஓசோனைத் தொடாது. ஆனால் பூமியைச் சூடாக்குவதில், நூறு வருடக் கணக்கில், அதே எடையுள்ள கார்பன் டை ஆக்சைடைப் போல சுமார் 1,430 மடங்கு. ஒரு சின்ன காரில் சுமார் 450 கிராம் இருக்கும். பெருக்கிப் பார்த்தேன். ஏறக்குறைய 640 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ வரும். ஆக, நான் சிரித்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில் 280 லிட்டர் பெட்ரோல் எரிந்திருக்கிறது. எங்கள் கார் லிட்டருக்கு 15 கிலோமீட்டர் என்று வைத்தால், 4,200 கிலோமீட்டர் ஓட்டம்!

அமெரிக்காவில் இப்படி வேண்டுமென்றே வாயுவை வெளியே விடுவது ஆர்-12 வகைக்கு 1992 முதலும், ஆர்-134ஏ வகைக்கு 1995 முதலும் சட்டப்படி குற்றம். இந்த வாயுக்களைப் படிப்படியாகக் குறைக்கும் 2016-ஆம் ஆண்டின் கிகாலி திருத்தத்தை இந்தியாவும் 2021-இல் ஏற்றுக்கொண்டது. ஆனால் ஒப்பந்தம் ஒப்பந்தமாக இருக்கட்டும். வாயுவை உறிஞ்சிச் சிலிண்டரில் சேமிக்கும் மெஷின் ஏ.சி. சர்வீஸ் செய்யும் பல ஒர்க்ஷாப்புகளில் இருக்கிறது. முதலில் அங்கே போய் கேஸை எடுத்துவிட்டு, பிறகு தெருமுனைக்கு வந்து கழற்றியிருக்கலாம். கொஞ்சம் காசும் ஒரு காலைப் பொழுதும்தான் செலவு. அந்த அண்ணனை நான் குறை சொல்ல மாட்டேன். அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை, கேட்டுச் செய்யச் சொல்லும் வாடிக்கையாளரும் இல்லை. படித்தவன் பக்கத்தில் நின்று சும்மா இருந்தால் அவர் மட்டும் என்ன செய்வார்?

கழற்றிய பைப்புகளின் வாயையும் உடனே அடைக்க வேண்டும். எங்கள் காரில் ஒரு வாரம் திறந்தே கிடந்தன. உள்ளே இருக்கும் எண்ணெய் காற்றின் ஈரத்தை இழுக்கும், ட்ரையர் ஈரத்தால் நிறைந்து பயனற்றுப் போகும். பின்னால் ஏ.சி.யை மீட்க நினைத்தால் அதற்கும் சேர்த்துச் செலவழிக்க வேண்டும். நாங்கள் இப்போது அந்த நிலையில்தான் இருக்கிறோம்.

அம்மாவின் கேள்வி பாக்கி இருக்கிறது. "அந்தக் காலத்து அம்பாசடரில் ஏ.சி.யா இருந்தது?" என்று அப்பா கேட்டார். இல்லைதான். ஆனால் பழைய அம்பாசடரில் முன் கதவில் முக்கோணமாக ஒரு குட்டிக் கண்ணாடி இருந்தது, திருப்பினால் காற்று நேரே முகத்தில் அடிக்கும். இன்றைய கார் ஏ.சி. இருக்கிறது என்று நம்பிக் கட்டப்பட்டது. எங்கள் காரில் பின் கண்ணாடி பாதிக்குமேல் இறங்காது. பின் சீட்டில் உட்காரும் பாட்டிக்குத்தான் அந்தப் பாதி. மழைக்காலத்தில் கண்ணாடியின் உள்பக்கம் படியும் ஆவியை நீக்குவதும் ஏ.சி.தான். அது இல்லாதபோது ஹீட்டரை வைத்து வெளிக்காற்றை உள்ளே விட்டால் ஓரளவு தெளியும், வேர்த்துக் கொட்டும். ஆகவே கழற்றலாமா என்ற கேள்விக்கு, ஓட்டுபவர் மட்டும் பதில் சொல்லக் கூடாது. பின் சீட்டில் உட்காருபவரையும் கேட்க வேண்டும். எங்கள் வீட்டில் பாட்டியை யாரும் கேட்கவில்லை. ஜூன் மாதம் முழுவதும் ஈரத்துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தார், ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கடைசியாக ஒன்று. கம்ப்ரசர் இல்லாத காரை விற்கும்போது அதைச் சொல்லிவிட்டு விற்க வேண்டும். "கேஸ் மட்டும் போட்டா போதும்" என்று சொல்லி அடுத்தவர் தலையில் கட்டுவது மோசடி. இதைச் சொன்னபோது அப்பா உடனே ஒத்துக்கொண்டார்.

புதுப் பேரிங் வாங்கிவிட்டோம். ட்ரையர், கேஸ் செலவுக்கு அப்பா தீபாவளி போனஸைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். எல்லாம் சேர்த்தால் சர்வீஸ் சென்டர் எஸ்டிமேட்டில் பாதிகூட வராது. முதல் நாளே சத்தம் எங்கிருந்து வருகிறது என்று ஐந்து நிமிடம் பார்த்திருந்தால் அதுவும் ஆகியிருக்காது. உங்கள் காரில் நாளைக்கு இந்தச் சத்தம் வந்தால் மெக்கானிக்கிடம் இரண்டே கேள்வி கேளுங்கள். போனது கம்ப்ரசரா, பேரிங்கா? கேஸை எதில் பிடிக்கப் போகிறீர்கள்? இரண்டுக்கும் பதில் வந்த பிறகு, கழற்றுவதானால் தாராளமாகக் கழற்றச் சொல்லுங்கள்.