செவிலியரின் கவலையும் ஓர் அறிகுறியே

சில ஆண்டுகளுக்கு முன்பு, குடல் அறுவை சிகிச்சைக்குப் பின் என் தந்தை ஒரு மருத்துவமனையின் பொது வார்டில் இருந்தார். மூன்றாம் நாள் இரவு அவருக்குக் காய்ச்சல் இல்லை. ரத்த அழுத்தமும் சீராக இருந்தது. இரவுப் பணியில் இருந்த செவிலியர் அவரது மார்பைக் கவனித்தபடி ஒரு முழு நிமிடம் கடிகாரத்துடன் நின்றார். பிறகு, "ஐயா எப்போதுமே இப்படித்தான் பேசுவாரா?" என்று என்னிடம் கேட்டார். மாலை வரை தெளிவாகப் பேசிய தந்தை, அப்போது என்னைச் சித்தப்பாவின் பெயரால் அழைத்துக்கொண்டிருந்தார். நான் அதைத் தூக்கக் கலக்கம் என்றே எண்ணியிருந்தேன்.

செவிலியர் பணி மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்தார். "காய்ச்சல் இல்லையே, காலையில் பார்க்கலாம்" என்று பதில் வந்தது. அவர் விடவில்லை. "மாலையில் 16 ஆக இருந்த சுவாசம் இப்போது 26. பேச்சில் குழப்பம் இருக்கிறது. நீங்கள் வந்து பார்க்க வேண்டும், டாக்டர்" என்றார். மருத்துவர் வந்தார். குடல் தையலில் கசிவு ஏற்பட்டு, தொற்று ரத்தத்தில் பரவத் தொடங்கியிருந்தது. விடிவதற்குள் மறு அறுவை சிகிச்சை நடந்தது. தந்தை பிழைத்தார்.

உறவினர்கள் அதை 'அந்தப் பெண்ணின் கைராசி' என்றார்கள். பாராட்டாகச் சொன்னாலும், அது அவரது அறிவைக் குறைத்து மதிப்பிடும் சொல். தொற்று தீவிரமடையும்போது, ரத்த அழுத்தம் சரிவதற்கு முன்பே பெரும்பாலும் சுவாசம் வேகமெடுக்கிறது. முதியவர்களுக்குக் காய்ச்சல் தோன்றாமலும் போகலாம். திடீர்க் குழப்பமே முதல் அறிகுறியாக இருக்கலாம். இவற்றைக் கற்றதோடு, நூற்றுக்கணக்கான நோயாளிகளிடம் கண்டும் தேர்ந்தவருக்கே அந்த ஒரு நிமிடம் எண்ணத் தோன்றும்.

இந்த அறிவை முறைப்படுத்திய நாடுகள் உண்டு. பிரிட்டனில் 2012-இல் அறிமுகமான முன்னெச்சரிக்கை மதிப்பெண் முறை, சுவாசம், ஆக்சிஜன் அளவு, ரத்த அழுத்தம், நாடித்துடிப்பு, உடல்வெப்பம், சுயநினைவு ஆகியவற்றுக்கு மதிப்பெண் அளிக்கிறது. 2017-இல் திருத்தப்பட்டபோது புதிதாகத் தோன்றும் குழப்பமும் அதில் சேர்க்கப்பட்டது. மொத்தம் 5-ஐ எட்டினால் அவசரப் பரிசோதனை தேவை. என் தந்தையின் இரண்டு அறிகுறிகளுக்கு மட்டுமே 6 மதிப்பெண் கிடைத்திருக்கும். ஆஸ்திரேலியாவின் சிட்னியில் 1990-களின் தொடக்கத்தில் அவசர மருத்துவக் குழு முறை உருவானபோது, நோயாளியைக் குறித்துப் பணியாளர் கவலை கொள்வதே அக்குழுவை அழைக்கப் போதுமான காரணமாக ஏற்கப்பட்டது.

ஆனால், கவனிக்க நேரம் இருந்தால்தான் கவலை எழும். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 168 மருத்துவமனைகளை ஆராய்ந்து லிண்டா எய்கென் குழுவினர் 2002-இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரு செவிலியரின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடும்போதெல்லாம் அறுவை சிகிச்சை நோயாளிகள் 30 நாள்களுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் அதிகரித்தது. அன்றிரவு நான் இருந்த வார்டில் 34 நோயாளிகள், செவிலியர்கள் இருவர். பணி மருத்துவரோ மூன்று வார்டுகளுக்கு ஒருவர். அவரைக் குறை சொல்வதில் பொருளில்லை. அந்தச் செவிலியர் சற்றே தயங்குபவராக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதே என் கேள்வி. ஓர் உயிர், ஒருவரது மனத்துணிவை மட்டும் நம்பியிருக்கலாகாது.

தமிழகத்தில் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் தேர்வில் வென்று தொகுப்பூதியத்தில் சேர்ந்த செவிலியர்கள், பணி நிரந்தரம் கோரிப் பலமுறை போராடியுள்ளனர். அதை ஊதியப் பிரச்னையாக மட்டுமே பார்க்கிறோம். வேலையே உறுதியில்லாத ஒருவர், மருத்துவரிடம் 'நீங்கள் வந்தே ஆக வேண்டும்' என்று வலியுறுத்துவது எளிதல்ல. பணிப் பாதுகாப்பும் நோயாளியின் பாதுகாப்புதான்.

1947-ஆம் ஆண்டின் இந்திய செவிலியர் மன்றச் சட்டத்துக்கு மாற்றாக, 2023-இல் தேசிய செவிலியர், பேறுகாலச் சேவை ஆணையச் சட்டம் நிறைவேறியது. கல்வித் தரத்தை உயர்த்துவது அவசியம்தான். ஆனால், கற்ற அறிவு படுக்கையருகே செல்லுபடியாக வேண்டாமா? ஒவ்வொரு மருத்துவமனையிலும் எச்சரிக்கை மதிப்பெண் அட்டை வேண்டும். குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் மருத்துவர் வந்து பார்ப்பது கட்டாயமாக வேண்டும். அவர் வர இயலாதபோது மூத்த மருத்துவரை நேரடியாக அழைக்கும் அதிகாரம் செவிலியருக்கு எழுத்துபூர்வமாகத் தரப்பட வேண்டும்.

இதனால் வீண் அழைப்புகள் பெருகும் என்று மருத்துவர்கள் அஞ்சலாம். சில அழைப்புகள் வீணாகவும் கூடும். அதனால் இழப்பது பத்து நிமிடம். தவறவிட்ட அழைப்பின் இழப்பை எந்தக் கணக்காலும் ஈடுசெய்ய முடியாது.

வீடு திரும்பும்போது தந்த அறிக்கையில் அறுவை சிகிச்சை நிபுணரின் பெயரும் மருந்துகளின் பட்டியலும் இருந்தன. இரவில் எண்ணப்பட்ட அந்த 26 இல்லை. என் தந்தையின் உயிரைக் காக்கும் பணி அந்த எண்ணில்தான் தொடங்கியது.