அடிபுதை அரணமும் அழகும்

காலணிக்குத் தமிழர் இட்ட பெயர்கள் பல. தொடுதோல், செருப்பு, மிதியடி என்பன அவற்றுட் சில. நெடுவழி செல்லும் வணிகரின் காலணியைப் பெரும்பாணாற்றுப்படை 'அடிபுதை அரணம்' என்று சுட்டுகின்றது. அடியை மறைத்துக் காக்கும் அரண் என்பது அதன் பொருள். காலணியின் முதற்கடமை காத்தலே என்பதை இப்பெயரே உணர்த்துகின்றது.

இன்று திருச்சிராப்பள்ளிக் கல்லூரி மாணவர் விரும்பி அணியும், கணுக்காலை மூடிய கான்வாஸ் ஷூவும் தோற்றத்தில் அடிபுதை அரணமே. அதன் மூலவடிவம், அமெரிக்காவின் கான்வர்ஸ் நிறுவனம் 1917இல் வெளியிட்ட 'ஆல் ஸ்டார்' ஆகும். கூடைப்பந்தாட்டக்காரரும் விற்பனையாளருமான சக் டெய்லரின் பெயர் 1930களில் அதனுடன் இணைந்தது. மெத்தென்ற அடிப்பகுதியுடைய புதிய காலணிகள் வந்தபின் ஆடுகளம் அதனைக் கைவிட்டது, வீதி கைக்கொண்டது.

அதன் அழகை மறுப்பதற்கில்லை. ஆயின், அதன் அடிப்பகுதி தட்டையானது; உள்ளங்கால் வளைவைத் தாங்கும் அமைப்பு அதில் குறைவு. பலகைத் தளத்தில் ஆடுவதற்கென அமைந்த அது, சித்திரை வெயிலில் சத்திரம் பேருந்து நிலையத்தில் நெடுநேரம் நிற்கும் காலுக்கு ஏற்றதாகுமா? மேலும், நம் ஊர் காலணியைக் கழற்றச் சொல்லும் ஊர். திருவரங்கம் கோயிலாயினும், மலைக்கோட்டையாயினும், நத்தர்வலி தர்காவாயினும் வாயிலிலேயே அதனை நீக்கவேண்டும். லுஹர்த் தொழுகைக்கு ஒளுச் செய்ய வருவோர் கயிற்றை அவிழ்த்து, பின்னர் ஈரக்காலை மீண்டும் அதற்குள் நுழைத்தல் எளிதன்று.

'அவ்வாறாயின் ரப்பர் செருப்பே போதுமே' என்பர் பெரியோர் சிலர். இதனையும் நாம் முழுதும் ஏற்பதற்கில்லை. ஊர்த்தெருவில் செருப்பணிந்து நடக்கும் உரிமையும் ஒடுக்கப்பட்டோர்க்கு மறுக்கப்பட்ட நாடு இது. திருப்பூர் மாவட்டம் இராஜாவூரில் அம்மக்கள் தடையை மீறி ஒரு தெருவில் காலணியுடன் நடந்தது 2023 டிசம்பரில்தான். எனவே, குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வரும் மாணவன் நல்லதொரு ஷூவை விரும்புதல் வீண் ஆடம்பரமன்று. அது தலைநிமிர்வின் வேட்கை. ஆனால், அந்த ஷூவை அணிந்தவன் அருகிருப்பவனின் தேய்ந்த செருப்பை நோக்கி நகைப்பானாயின், பழைய கொடுமையே புதிய கோலத்தில் வந்துவிட்டது எனலாம்.

ஆதலின் நாம் கூறுவது இது: விரும்புவோர் அதனை வாங்குக, பெற்றோர் கடன்படாத விலையில் வாங்குக. நடந்து கால் சற்றே பருத்திருக்கும் மாலைப்பொழுதில், விரல்கள் அசைய இடமுள்ளதா எனப் பார்த்து வாங்குக. பருத்திக் காலுறையும், உள்ளே ஒரு மெத்தை அட்டையும் துணையாகட்டும். நெடுநேரம் நிற்கவேண்டிய நாளிலும், தொழுகையும் வழிபாடும் உள்ள நாளிலும் எளிய செருப்பை அணியக் கூசவேண்டா. அழகும் நலமும் முரண்படுமிடத்து நலத்தையே தேர்க. பிறர் காலணியை நோக்கி அவர்தம் தகுதியை அளக்கும் வழக்கமோ நம் வகுப்பறை வாயிலுக்கு வெளியிலேயே கழற்றி வைக்கப்படுதல் வேண்டும்.