மழுங்கின கத்திதான் கையை வெட்டும்... தீட்டுக்கல்லில் கூர் ஏற்றுவது எப்படி?

தக்காளி மேல் கத்தியை வைத்தால் தோல் வெட்டுப்படாமல் பழம் நசுங்குகிறதா? வெங்காயம் நறுக்கும்போது வழக்கத்தைவிட அதிகமாகக் கண் எரிகிறதா? உங்கள் வீட்டுக் கத்தி மழுங்கிவிட்டது என்று அர்த்தம்.

‘கூர் இல்லாத கத்திதான் பாதுகாப்பு’ என்று பல வீடுகளில் நினைக்கிறோம். நிஜம் நேரெதிர். கூர் இல்லாதபோது கூடுதலாக அழுத்துகிறோம். கேரட், பூசணி போன்ற கெட்டியான காய்களில் கத்தி வழுக்கி, அதே வேகத்தில் விரலில் இறங்கிவிடும்.

எந்தக் கல் வாங்கலாம்?

கல்லில் இருக்கும் எண்ணை ‘கிரிட்’ என்பார்கள். எண் குறையக் குறைய சொரசொரப்பு அதிகம். விளிம்பு உடைந்த கத்திக்கு 400, வழக்கமாகத் தீட்ட 1000, மெருகேற்ற 3000-க்கு மேல். ஒரே கல்தான் வாங்குவீர்கள் என்றால் 1000 போதும்.

தீட்டுவது எப்படி?

* ஊற வைக்க வேண்டிய கல் என்றால், தண்ணீரில் குமிழி வருவது நிற்கும்வரை வையுங்கள். பிறகு ஈரத்துணியை விரித்து அதன்மேல் கல்லை வைத்தால் நகராது.

* கத்தியை 15 முதல் 20 டிகிரி சாய்வில் பிடிக்க வேண்டும். 4 செ.மீ. அகலக் கத்தி என்றால், அதன் முதுகு கல்லிலிருந்து சுமார் 1 செ.மீ. உயர்ந்திருந்தால் சரி.

* சாய்வு மாறாமல், அடியிலிருந்து நுனிவரை மெதுவாகத் தேயுங்கள். கல் காய்ந்தால் தண்ணீர் தெளியுங்கள்.

* மறுபக்க விளிம்பில் மெல்லிய பிசிறு தட்டுப்படும்வரை ஒரு பக்கத்தைத் தீட்ட வேண்டும். இந்தப் பிசிறுதான் கூர் ஏறியதற்கு அடையாளம். பலர் இதற்கு முன்பே நிறுத்திவிடுவதால்தான் ‘எவ்வளவு தேய்த்தாலும் கூர் வரலை’ என்கிறார்கள்.

* அடுத்த பக்கத்தையும் அப்படியே தீட்டி, கடைசியில் இரு பக்கமும் மாற்றி மாற்றி லேசாகத் தேய்த்தால் பிசிறு போய்விடும். கத்தியைக் கழுவித் துடைத்து வையுங்கள். இரும்புக் கத்தி என்றால் துளி தேங்காய் எண்ணெய் தடவினால் துரு பிடிக்காது.

எதையெல்லாம் தீட்டக் கூடாது?

பிரெட் வெட்டும் பல் வைத்த கத்தியும் செராமிக் கத்தியும் இந்தக் கல்லுக்குச் சரிவராது. வளைந்த அரிவாள்மனையையும் கத்தரிக்கோலையும் தெருவில் வரும் சாணை பிடிப்பவரிடம் கொடுப்பதே நல்லது. அவரிடம் கத்தியைக் கொடுத்தால், ‘சூடேறாமல் பிடிங்கண்ணே’ என்று சொல்லிவிடுங்கள். விளிம்பு நீலம் பூக்கும் அளவுக்குச் சூடேறினால் இரும்பின் உறுதி குறைந்து, கத்தி சீக்கிரமே மழுங்கிவிடும்.

கூர் வந்ததா என்று விரலில் பார்க்க வேண்டாம்; தக்காளியில் பாருங்கள். அழுத்தாமலே இறங்கினால் வேலை முடிந்தது.

முக்கியமாக, கத்தி தீட்டியதை வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள். பழைய கத்தியை அழுத்திப் பழகிய கை, புதுக் கூரை மறந்துவிடும்!