எண்ணெயில் நனைந்த பிறகுதான் கண்ணில் படுமா?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து வந்த எண்ணெய் எண்ணூர் முகத்துவாரத்தில் பரவியது. இறகு கறுத்து, பறக்கத் திணறிய கூழைக்கடாக்களின் படங்கள் நாளிதழ்களில் வந்தன. எண்ணூரில் இப்படிப் பறவைகள் இருப்பதே சென்னையில் பலருக்கு அன்றுதான் தெரிந்தது. வடசென்னைக் கடற்கரையின் நோய் மாசு மட்டுமல்ல, அதைப் பார்க்க ஆளில்லாததும்தான். கண்ணில் படாத நிலத்தைக் காலி நிலம் என்று எழுதிவிடுவது எளிது.

முகத்துவாரத்துக்கு வடக்கே, ஒருபுறம் வங்கக்கடலும் மறுபுறம் உப்பங்கழியும் பக்கிங்காம் கால்வாயுமாக, பழவேற்காடு வரை நீளும் மணல்திட்டு காட்டுப்பள்ளி. அடப்பங்கொடியும் இராவணன் மீசையும் பிடித்து வைத்திருக்கும் அந்த மணல்தான் புயலலையை முதலில் தாங்குகிறது. மீஞ்சூர் வட்டாரத்தின் நிலத்தடி நீரில் ஏற்கெனவே கடல்நீர் புகுந்துவிட்ட நிலையில் இது சாதாரண காவல் அல்ல. பனிக்காலத்தில் உள்ளான்கள் அலகால் சேற்றைக் குத்திப் புழு தேடும். அதே கழியில் இருளர் பெண்கள் பறியை வாயில் கவ்விக்கொண்டு, கையால் தடவி இறால் பிடிப்பார்கள். தை பிறந்தால் பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறும் கடற்கரை இது. இங்கேதான் 330 ஏக்கர் துறைமுகத்தை 6,000 ஏக்கருக்கு மேல் விரிக்கும் திட்டம் முன்வைக்கப்பட்டது.

பார்வை எதைக் காப்பாற்றும் என்று கேட்கலாம். தென்சென்னையில் 1988 முதல் மாணவர்கள் ஆமைக் காலத்தில் இரவுதோறும் கடற்கரையில் நடந்து, ஆமை முட்டைகளைப் பொரிப்பகத்தில் சேர்த்து வருகிறார்கள். அப்படி நடந்து பழகிய நகரம் என்பதால்தான், 2025 ஜனவரியில் ஆமைகள் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கியபோது எண்ணிச் சொல்ல ஆள் இருந்தது. பசுமைத் தீர்ப்பாயமும் தானாக முன்வந்து விசாரித்தது. ராயபுரம், திருவொற்றியூர் பிள்ளைகளுக்கு இந்த நடை கிடைக்க வேண்டாமா?

காட்டுப்பள்ளியைப் பார்க்கக் கூட்டம் வந்தால் குப்பையும் வரும் என்பது நியாயமான அச்சம். அதனால்தான் விடுதியும் வேண்டாம், மணலில் வண்டியும் வேண்டாம் என்கிறோம். குஞ்சுகளைத் திசை மாற்றும் விளக்கும் ஆமைக் காலத்தில் கூடாது. அளவோடு ஆட்கள் வரட்டும். மீனவர் படகில், மீனவரே வழிகாட்டட்டும். வருமானம் அவர்களுக்கே போகட்டும். வேலைவாய்ப்புக்குத் துறைமுகம் வேண்டும் என்போருக்கும் பதில் உண்டு. ராயபுரத்திலிருந்து காட்டுப்பள்ளி வரை இதே கரையில் ஏற்கெனவே மூன்று துறைமுகங்கள் இயங்குகின்றன. அவற்றை மூடச் சொல்லவில்லை. ஆனால் மீனும் இறாலும் தரும் வேலையைக் கணக்கில் சேர்க்காமல் புதிய வேலையை மட்டும் எண்ணுவது கணக்காகாது. வனத்துறையும் மாநகராட்சியும் வரும் பனிக்காலத்திலேயே வடசென்னைப் பள்ளிப் பிள்ளைகளை இந்தக் கழிக்கு அழைத்து வர வேண்டும். கூழைக்கடாவை அவர்கள் வெள்ளை இறகோடு பார்க்கட்டும்.